தடிக்கம்பி ஜிர் அடித்த வாரம்

வைகாசி 7, ஞாயிறு

வெயில். காலை எட்டு மணிக்கே கோட்டை மலை அனல் கக்க ஆரம்பித்துவிட்டது. லோடு ஆட்டோவுக்கு இன்று வேலை இல்லை. எனக்கு இருந்தது.

செய்த வேலை: பேஸ் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டியது. பழைய கம்பி நாலும் கறுத்து, பிசுபிசுத்து, தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுவது போல் தொம் தொம். போன கச்சேரியிலேயே மாஸ்டர் கேட்டுவிட்டார். "தணிகா, உன் கிடாரு பாடுதா, இருமுதா? பாடுதா, இருமுதா?" எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவர் அவர். பகலில் ஜெராக்ஸ் கடை. அதனாலோ என்னவோ எதையும் இரண்டு காப்பியாகத்தான் பேசுவார்.

கம்பி வாங்கப் புதுச்சேரி போனபோது கடைக்காரத் தம்பி, "எந்த கேஜ் வேணும்ணே?" என்றான். கேஜ் என்றால் எனக்கு ரயில் தண்டவாளம்தான் தெரியும். "விரலு வலிக்காததா குடுப்பா" என்றேன். கொடுத்தான். நன்றாக மெல்லிசாக இருந்தது. சந்தோஷமாக வந்தேன்.

மத்தியானம் மாட்டி முடித்தேன். சுருதி சேர்த்தேன். நாலாவது கம்பி, அதாவது தடிக்கம்பி, அதை ஒரு தட்டு.

ஜிர்ர்ர்.

அடுப்படியிலிருந்து மல்லிகா: "யோவ், வாசல்ல எந்த வண்டி நிக்குது?"

"வண்டி இல்லடி, கிடாரு."

"ஷேர் ஆட்டோ மாரியே இருக்குது."

"ஃப்ரெட் இடிக்குதுடி."

"பிரெட்டு இடிச்சா டீயில முக்கித் துன்னு."

கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த பட்டைகள்தான் ஃப்ரெட், கம்பி அதன்மேல் உரசுகிறது, அதனால் ஜிர் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். முடிவில், "நானும் இருவது வருசமா உன்னோட ஒரசிக்கினுதான் கீறேன், நான் எங்கயாச்சும் ஜிர்ருன்றேனா?" என்றாள். "வெங்காயம் நல்லா உரிக்கிற" என்றேன். சாப்பாடு வர வேண்டுமே.

சாயங்காலம் ஒத்திகை, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். தாளத்துக்கு ஏழுமலை, மல்லிகாவின் தம்பி, என் மச்சான். கீபோர்டுக்கு ஸ்டீபன், செல்போன் கடைக்காரன். பாடுகிறவர்கள் இன்னும் வரவில்லை. வீட்டில் சின்னதாக இருந்த ஜிர் ஸ்பீக்கரில் பெரிய ஜிர் ஆகிவிட்டது. முதல் பாட்டிலேயே மா., அதாவது மாஸ்டர், கையைத் தூக்கினார்.

"இன்னா தணிகா, கம்பி மாத்துனியா, உள்ள வண்டு எதுனா உட்டியா? வண்டு எதுனா உட்டியா?"

"வண்டுதான் மாஸ்டர். குட்டி போடுற வரைக்கும் பொறுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மா. சிரிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு வல்லத்துல காதுகுத்து. அதுக்குள்ள இந்த ஜிர் போவணும். போவலன்னா ஸ்டீபன் இடது கையில பேஸ் போட்டுப்பான். கீபோர்டுல எல்லாம் இருக்குது. நல்லா வந்துச்சின்னா அப்புறம் அதயே வெச்சிக்கலாம்."

இதை மட்டும் ஒரே தரம்தான் சொன்னார்.

ஸ்டீபன் குனிந்து ஒயரைச் சரிசெய்தான். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வாய் மட்டும்.

வைகாசி 8, திங்கள்

சிங்கவரத்திலிருந்து மண்டிக்கு மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை. இரண்டு நடை. வெயில் நேற்றுக்கு மேல்.

இன்று ஜிர் கேட்ட இடங்கள்:
ஆட்டோ சைலன்சர்.
மல்லிகா மிக்சி.
மண்டி எதிர் டீக்கடை ஃபேன்.
மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய ஏழுமலை.

உட்கார முடியவில்லை. மூட்டை இறக்கும்போதே விரல் ஆட்டோ கதவில் தாளம் போடுகிறது. மண்டி ஆள், "அண்ணாத்த, சாமி வந்துச்சா?" என்றான். "வரல, வழியில டிராஃபிக்" என்றேன்.

மத்தியானம் கிடாரோடு மல்லுக்கு நின்றது:

1. அடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் குட்டிக் கட்டை இருக்கிறதல்லவா, எலன் கீ என்ற ஆறுபட்டைச் சாவி போட்டு அதைத் தூக்கினேன். ஜிர் பாதி போயிற்று. ஆனால் கம்பி கொடிக்கயிறு மாதிரி மேலே போய்விட்டது. அழுத்தினால் விரல் நசுங்குகிறது, மேலே போகப் போகச் சுருதியும் தப்புகிறது. பழையபடி இறக்கினேன்.

2. தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளத்தில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினேன். ஜிர் போச்சு. பேஸும் போச்சு. டிக்கெட்டைப் பிடுங்கினேன்.

3. நாலு திட்டு திட்டினேன். முதல் நாலு ஃப்ரெட்டிலும் ஜிர். சும்மா தட்டினாலும் ஜிர். ஐந்துக்கு மேல் பரவாயில்லை. கணக்குப் புரியவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனுக்கு நாலு வரை எண்ணத் தெரிந்ததே பெரிது.

கீபோர்டுக்காரனுக்கு இந்தத் தொல்லை உண்டா? பட்டன் அமுக்கினால் பேஸ், பட்டன் அமுக்கினால் புல்லாங்குழல், பட்டன் அமுக்கினால் மழை. அவன் மழைக்குக் கூடக் குடை வேண்டாம்.

நான் வாசிப்பதை யார் கேட்கிறார்கள் என்று மல்லிகா அடிக்கடி கேட்பாள். உண்மைதான். கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவன் என்னைத் தாண்டித்தான் பாடுகிற பெண்ணை எடுப்பான். என் முழங்கை மட்டும் நிறைய ஆல்பங்களில் இருக்கிறது. ஆனாலும் பாட்டு நடுவில் தடிக்கம்பி சரியாக விழும்போது தரை எழுந்து காலைத் தொடும். அது எனக்குத் தெரியும். அது போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது அதையும் ஒரு இடது கை கேட்கிறது.

வைகாசி 9, செவ்வாய்

காலையிலேயே புதுச்சேரிக் கடைக்குப் போன். பின்னால் ஒரே சத்தம், யாரோ டிரம் வாங்க வந்து அடித்துப் பார்க்கிறார்கள்.

"அண்ணே, கேஜுன்னா கம்பி தடிமன். பழைய செட்டு நூத்தஞ்சு. நீங்க வாங்குனது தொண்ணூத்தஞ்சு. டென்ஷன் கம்மி."

"தம்பி, எனக்குத்தான் டென்ஷன் ஜாஸ்தி."

"உங்களுக்கு இல்லண்ணே, கம்பிக்கு. டென்ஷன் கம்மி, அதான் கழுத்து... இருங்கண்ணே, கஸ்டமர், அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டான். சரி, பாதி தெரிந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் டென்ஷன் அதிகம், மாத்திரை போடுகிறார்கள். என் கிடாருக்கு மட்டும் கம்மி. கொடுத்து வைத்த கிடார்.

ஏழுமலையிடம் சொன்னேன். இப்போது எலக்ட்ரிக் பேட் தட்டுகிறான், முன்பெல்லாம் தப்பு மேளம் அடித்தவன். ஊரில் சாவென்றாலும் சாமியென்றாலும் அவன் கை முன்னால் நிற்கும். டென்ஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டினான்.

"டென்ஷன் கம்மியா? அப்போ காட்டணும் மாமா."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல, நெருப்புல. தப்பு தொங்கிப் போச்சின்னா வைக்கோல கொளுத்தி காட்டுவோம் இல்ல? ரெண்டு நிமிஷத்துல ணங்குன்னு ஏறிடும். அதே கததான்."

"மச்சான், அது தோலு. இது மரம். எரிஞ்சா உங்க அக்காதான் அதுல டீ போடுவா."

"அப்ப நெருப்பு வாணாம். வெயில்ல காட்டு. நம்ம ஊரு வெயிலு நெருப்புக்குக் கொறைச்சலா?"

அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. ஞாயிறு வேறு கிட்டே வருகிறது. பரபரப்பில் இருக்கிறவனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனை. மாடியில் சாக்கு விரித்து, மல்லிகா வடாம் போட்ட துணிக்குப் பக்கத்தில், கிடாரை மல்லாக்கப் படுக்க வைத்தோம். பன்னிரண்டு மணி வெயில். நான் ஒரு பக்கம், ஏழுமலை ஒரு பக்கம், நடுவில் கிடார். காக்கா ஒன்று வந்து வடாத்தைப் பார்த்தது, கிடாரைப் பார்த்தது, வடாத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்கு இருந்த புத்தி.

ஒரு மணி நேரம் கழித்து மல்லிகா மேலே வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னாடா இது, பொணத்துக்குக் காவலா?"

"டென்ஷன் ஏத்துறோம்கா."

"எனக்கு ஏறிடுச்சி, எறங்கு கீழ."

எடுத்தால் கழுத்து தோசைக்கல். தட்டிப் பார்த்தேன். நாலு கம்பியும் சுருதி இறங்கி, தொளதொளவென்று, ஏழாவது ஃப்ரெட் வரை ஜிர். காலையில் ஷேர் ஆட்டோ, இப்போது டிராக்டர்.

ஏழுமலை கழுத்தைத் தொட்டுவிட்டு விரலை ஊதினான். பிறகு, "இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கணும் மாமா" என்றான். துரத்தினேன். படியில் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

வைகாசி 10, புதன்

திண்டிவனம் ரோட்டில் காலி வண்டி. மத்தியானம். ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது கண்ணில் பட்டது: கரண்ட் கம்பி. காலையில் போகும்போது பார்த்ததைவிட இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நன்றாகத் தொங்குகிறது. வெயிலில் இரும்புக் கம்பி நீளும், தொங்கும். தோல்தான் காய்ந்து இறுகும். இது தெரிய ஏழாம் வகுப்பு கூட வேண்டாம், கண்ணிருந்தால் போதும். நேற்று இரண்டு பேருக்கும் இல்லை.

கிடார் ஆறிவிட்டது. சுருதி சேர்த்தேன். பழையபடி நாலு ஃப்ரெட் ஜிர். அதாவது ஒரு நாள் உழைத்து, ஒரு வடாம் நஷ்டத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பி வந்து சேர்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் மா. ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடவில்லை. "நீ அத சரி பண்ணு, நாங்க பாத்துக்கறோம், நாங்க பாத்துக்கறோம்." கால் நிற்கவில்லை. போனேன். ஜெராக்ஸ் கடைக்கு வெளியே, ஆட்டோவை அணைக்காமல் நின்றேன். பிறகு அணைத்தேன், சரியாகக் கேட்கவில்லை என்று.

ஸ்டீபன் இடது கையில் பேஸ் போடுகிறான். ஜிர் இல்லை. தப்பு இல்லை. எந்த இடத்தில் நான் இழுப்பேனோ அந்த இடத்தில் அவனும் இழுக்கிறான். என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்திருக்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. மோசமாக இருந்திருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றிருப்பேன்.

உள்ளே போனேன். எல்லோரும் நிறுத்தினார்கள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்காமல் எனக்கு ஒரு அறைக்குள் நுழையத் தெரியாது.

"டேய் ஸ்டீபன், அடுத்தவன் எடத்த வாங்குறதுன்னா வாங்கிக்கோ. எடது கையாலயா வாங்குவ? வலது கையால வாங்குடா."

மா. கூடச் சிரித்தார். ஏழுமலை பேட்டில் ஒரு அடி அடித்தான். ஸ்டீபன் மட்டும் முகம் சுருங்கி, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாரோ அடித்த மாதிரி. "நான் கேக்கலண்ணா, மாஸ்டர்தான் சொன்னாரு" என்றான். மெதுவாக.

ஜோக்காகத்தான் சொன்னேன். ஜோக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டும் உண்மை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மல்லிகா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜொரம் இல்ல. அப்ப இன்னா, ஜிர்ரா?" "ஆமா." "நீ பேசுறத கொறைச்சா அது பேசும்யா" என்று கிடாரைக் காட்டினாள். இன்று அவள் ஜோக்குக்குக்கூட நான் சிரிக்கவில்லை என்று கவனித்துவிட்டாள். விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மோர் கொடுத்தாள்.

வைகாசி 11, வியாழன்

வெட்கத்தை விட்டுவிட்டு மறுபடி புதுச்சேரிக்குப் போன். வெயிலில் வைத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிப்பை அடக்குகிறான்.

"சிரிப்பா தம்பி, நல்லா சிரி. சிரிச்சிட்டு வழி சொல்லு."

சொன்னான். பொறுமையாக. கிடார் கழுத்துக்குள் நீளமாக ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம். கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கின்றன, உள்ளே இருக்கும் ராடு பின்னால் இழுக்கிறது. பழைய கம்பி தடி, இழுப்பு அதிகம், ராடும் அதற்கேற்ப இறுக்கி வைத்தது. புதுக் கம்பி மெலிசு, இழுப்பு கம்மி. ராடு ஜெயித்துவிட்டது. கழுத்து பின்னால் சாய்ந்து, தலைப்பக்கத்து ஃப்ரெட்டுகள் கம்பியை முட்டுகின்றன. அதனால் முதல் நாலு ஃப்ரெட்டில் ஜிர்.

என்னைக் கயிறு இழுக்கும் போட்டியில் விட்டிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். இந்தப் பக்கம் ஆள் மெலிந்துவிட்டான், அந்தப் பக்கக் கயிற்றைக் கொஞ்சம் விட வேண்டும். அவ்வளவுதான்.

"அந்த ராடு பேரு இன்னா?"

"டிரஸ் ராடுண்ணே."

மல்லிகா காதில் அது துணிமணி டிரஸ்ஸாக விழுந்தது. "கிடாருக்குள்ள கூட துணி காய போட ராடு வெச்சிருக்கான், நீ இன்னும் எனக்கு ஒரு கொடி கட்டித் தரல" என்றாள்.

முதலில் சோதனை. தடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரம் அழுத்த வேண்டும். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் கல்யாணப் பத்திரிகை அட்டை நுழையுமளவு சந்து இருக்க வேண்டும். எனக்கு இரண்டு கையும் போய்விட்டது, அட்டையை மல்லிகாதான் நுழைத்தாள். நுழையவில்லை. ஒரு மயிரிழை சந்து இல்லை. வியாதி அதுதான்.

வைத்தியம்: தலைப்பக்கம் மூடியைக் கழற்றி, உள்ளே எலன் கீ விட்டு, கால் சுற்று லூஸ் பண்ண வேண்டும். கால் சுற்றுக்கு மேல் போனால் கேடு. மாற்றித் திருகினால் அதைவிடக் கேடு.

"எந்தப் பக்கம் தம்பி?"

"ஆன்ட்டி கிளாக் வைஸ்ணே."

"ஆண்டியா?"

"கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம்ணே."

கடிகாரம் எனக்குத் தெரியும். ஆனால் கீயைப் பிடித்துக்கொண்டு கிடாரைப் பார்த்தால் மேல் கீழ் மறந்து போகிறது. ஒரே கிடார். நான் பயந்தவன் இல்லை, ஆனால் இது ஞாயிற்றுக்கிழமையின் கழுத்து.

மல்லிகா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தூசி தட்டி, கிடார் தலைக்குப் பக்கத்தில், எனக்கு நேராக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கீய பன்னெண்டுல வை."

"வெச்சாச்சி."

"இப்ப பின்னால வா. பதினொன்னு. பத்து. அவசரப்படாத. ஒம்போது. நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினேன். உள்ளே எங்கேயோ 'கிறிச்' என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உடையவில்லை. மூச்சு விட்டோம்.

"அப்படியே என் வயசையும் கொஞ்சம் பின்னால திருப்பு" என்றாள்.

மரம் உடனே கேட்காதாம். விட்டு வைக்க வேண்டுமாம், நாளை காலைவரை. என்னைப் பார்த்து "விட்டு வை" என்பது நாய்க்குட்டியைப் பார்த்து "உட்கார்" என்பது போல. பத்துத் தரம் கிட்டே போனேன். மல்லிகா கிடாரைத் தூக்கி அரிசி டிரம் மேல் வைத்து, மேலே புடவை போட்டு மூடிவிட்டாள்.

வைகாசி 12, வெள்ளி

பல் துலக்கும் முன்பு புடவையை எடுத்தேன். இரண்டு பக்கமும் அழுத்தினேன். "மல்லிகா, அட்டை!" தூக்கக் கலக்கத்தில் வந்து நுழைத்தாள். நுழைந்தது. லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. சந்து வந்துவிட்டது.

ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்று. நாலு. தெருவில் இட்லி மாவு வண்டிக்காரர் நின்று எட்டிப் பார்க்குமளவு கத்தினேன். பிறகு எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் தடிக்கம்பியைச் சும்மா தட்டினேன்.

ஜிர்.

சின்னது. ஆனால் ஜிர்.

பனமலைக்கு லோடு போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் அதே யோசனை. அழுத்தினால் இல்லை, அழுத்தாவிட்டால் இருக்கிறது. அப்படியென்றால் கழுத்தில் இல்லை, தலைப்பக்கத்துப் பள்ளத்தில். கம்பி அங்கே சரியாக உட்காரவில்லை. ஏன்? ஏரிக்கரையில் செங்கல்லை இறக்கிவிட்டு, ஆட்டோவின் பின்பெட்டிக் கம்பத்தில் கயிற்றைச் சுற்றி வைக்கும்போது கையைப் பார்த்தேன். கீழே ஆரம்பித்து மேலே மேலே சுற்றுகிறேன். லோடு கட்டும் பழக்கம். கம்பத்தில் எதைக் கட்டினாலும் என் கை கீழிருந்து மேலேதான் போகும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அதேதான். முறுக்காணியில் தடிக்கம்பியைக் கீழிருந்து மேலாகச் சுற்றி வைத்திருக்கிறேன். கம்பி ஆணியின் உச்சியிலிருந்து பள்ளத்துக்குப் படுத்துக்கொண்டே போகிறது, அழுத்தமே இல்லாமல். கிடாரை நான் ஆட்டோ என்று நினைத்துத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்! தளர்த்தினேன். மேலிருந்து கீழாகச் சுற்றினேன். இப்போது கம்பி சரிந்து இறங்கி, பள்ளத்தில் அமுங்கி உட்கார்ந்தது.

தட்டினேன். தொம்ம்ம்ம்.

அது ஓயும்வரை கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். எதுவும் கிண்டல் செய்யவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் அதே சுருதி.

வைகாசி 13, சனி

ஒத்திகைக்கு மற்ற எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். வாசித்துக் காட்டினேன். மா. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"ஜிர் இல்ல. ஜிர் இல்ல."

"இல்ல மாஸ்டர்."

"ஆனா ஸ்டீபன் எல்லாப் பாட்டும் பழகிட்டான்பா. நாளைக்கு வா. ஒரு பாட்டு அவன், ஒரு பாட்டு நீ. மண்டபத்துல எது நிக்குதோ அது."

ஒரே காப்பி.

இடைவேளையில் டீ வாங்கப் போனேன். ஸ்டீபனுக்கு நானே கொண்டுபோய் நீட்டினேன். புதன்கிழமைக்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, எனக்குப் பழக்கமில்லாத வேலை. "இந்தாடா" என்றேன். எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினான். அவன் இப்படிச் செய்தால் நான் என்ன கிண்டல் செய்வது? "சூடு, பாத்து" என்றேன்.

மனுஷனாகப் பார்த்தால் நல்ல பையன். அதுதான் தொல்லை.

சட்டை இஸ்திரி. செருப்புக்குப் பாலீஷ் இல்லை. தேவையும் இல்லை, முழங்கைதான் போட்டோவில் வரும்.

வைகாசி 14, ஞாயிறு

மேகமூட்டம். புழுக்கம். வல்லம்.

மொட்டையடித்த குழந்தை தாய்மாமன் மடியில், எதிரில் ஆசாரி. வீல் என்று ஒரு அலறல். நாங்கள் உடனே ஆரம்பித்துவிட வேண்டும், அழுகை கேட்காமலிருக்க. அதற்குத்தான் எங்களைக் கூப்பிடுவது.

மண்டபத்தில் மேடைக்கு ஒட்டியே பந்தி. என் பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மேசை, அதில் எவர்சில்வர் தம்ளர் வரிசை வரிசையாக.

முதல் பாட்டு ஸ்டீபன் கை. நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஊர் முன்னால் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது? சனங்களைப் பார்த்தேன். யாராவது "அந்த மனுஷன் ஏன் வாசிக்கல?" என்று பார்ப்பார்களா என்று. ஒருவர் கூடப் பார்க்கவில்லை. வடை சாப்பிட்டார்கள். பாயசம் கேட்டார்கள். பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள். மாஸ்டர் முகத்தில் திருப்தி. அவ்வளவுதான் போல என்று நினைத்தேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மல்லிகாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும்.

"தணிகா, நீ" என்றார் மா.

எழுந்தேன். ஏழுமலை குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். தடிக்கம்பியில் இறங்கினேன். முதல் வரி சுத்தம். இரண்டாவது வரியில், நன்றாக இழுக்கும் இடத்தில்...

ஜிர்ர்ர்ர்ர்.

உயிர் போய்விட்டது. வாசிப்பதை விடாமல் காதைக் கழுத்தில் வைத்துக் கேட்டேன். கிடாரில் இல்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி ஜிர்ர்ர். கிடாரில் இல்லவே இல்லை! எங்கே? ஏழுமலை குச்சியால் காட்டினான். மேசை. தம்ளர்கள். அத்தனை தம்ளரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டு, ஓரத்தை நோக்கி நகர்கின்றன. பந்தியே திரும்பிப் பார்க்கிறது. ஒரு பெரியவர் கையிலிருந்த வடையை இலையில் வைத்துவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கிறார்.

பரிமாறுகிறவர் வாளியோடு ஓடிவந்தார். "யோவ் கிடாரு! கொறைய்யா! தம்ளரெல்லாம் எறங்கி நடந்து போவுது!"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். ஸ்டீபனும் பார்த்தான். இந்நேரம் வரை அவன் இடது கை போட்ட பேஸ் ஒரு தம்ளரைக் கூட அசைக்கவில்லை, அவனுக்கும் தெரியும். மாஸ்டர் மேசையைப் பார்த்தார். என் ஸ்பீக்கரைப் பார்த்தார். கீழே தன் காலைப் பார்த்தார், தரை வந்து தொட்டிருக்க வேண்டும். சவுண்டு மிக்சரில் என் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார், குறைக்கவில்லை.

"அத எடுத்து கீழ வையிங்க" என்றார் பரிமாறுகிறவரிடம். "ஸ்டீபன், பேஸ உட்டுடு, நீ ரெண்டு கையையும் மேலயே வெச்சிக்கோ. இனிமே மேலயே வெச்சிக்கோ."

இரண்டு காப்பி.

தம்ளரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறக்கினார்கள். நான் நிறுத்தவில்லை.